இளவரசனும் அவன் காதலனும் நமக்கு அந்நியரா?

அமெரிக்கப் பெண் ஜனாதிபதியின் மகனும் இங்கிலாந்து இளவரசனும் ஓர் அரச கல்யாணத்தில் முறைத்துக்கொண்டு, பிரமாண்டமான கேக்கோடு சேர்ந்து தரையில் விழுகிறார்கள். மானத்தைக் காப்பாற்ற நண்பர்களாக நடிக்கப் போன இடத்தில் காதல் பிறக்கிறது. கேசி மெக்விஸ்டன் 2019இல் எழுதிய ‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் புளூ’ நாவலின் கதை இது. 2023இல் படமாகவும் வந்தது. அமெரிக்கத் தேர்தல் அத்தியாயங்கள் எனக்கு நீளமாகவே பட்டன. மற்றபடி, வாய்விட்டுச் சிரித்துப் படித்த புத்தகம்.

இதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று இலங்கை மலையகத்து வெலிமடையில் யாரிடம் பேசினாலும் கிடைக்கிற முதல் பதில், “அது வெள்ளைக்காரன் சரக்கு, நம்ம சனத்துக்கு ஆகாது.”

வெள்ளைக்காரன் இங்கே விட்டுப்போன சரக்கு வேறு. ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவு, 1883இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. அவர்கள் தங்கள் நாட்டில் 1967இல் அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தன் நாட்டில் அதை முடக்கியது. நாமோ 1995இல் 365ஏ பிரிவைத் திருத்திப் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டோம். இளவரசன் என்றாலும் ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. குஜராத்தின் ராஜ்பிப்லா அரச குடும்பத்து மன்வேந்திர சிங் கோஹில் 2006இல் தான் ஆண்களை விரும்புபவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊரார் கொடும்பாவி எரித்தார்கள், பெற்றோர் உறவை அறுத்தார்கள். அவர் அசையவில்லை. பிறகு தன் அரண்மனை வளாகத்தையே இப்படி வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார்.

“நம்ம சனம்” என்கிறார்களே, அந்தச் சனத்தைக் காமன் பொட்டலில் போய்ப் பார்க்க வேண்டும். மாசியில் கம்பம் நட்டுக் காமன் கூத்து தொடங்கினால் ரதி வேஷம் கட்டுவது வழக்கமாக ஆம்பிளைதான். பகலெல்லாம் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியவன் இரவில் சேலை கட்டி, அரிதாரம் பூசி, சலங்கையோடு வருவான். எதிரே கரும்பு வில்லோடு மன்மதன். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறவனை, “கெட்ட கனா கண்டேன், போகாதீங்க” என்று ரதி மறிக்கும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண் லயத்தில் இல்லை. கூத்து ஆண்களின் காதலைச் சொல்கிறது என்று நான் வாதாடவில்லை. கதையில் ரதி பெண்தான். ஆனால் இரண்டு ஆண்கள் காதல் பேசி ஆடுவதைப் பிள்ளைகுட்டியோடு உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கிற மக்களை, “இவர்களுக்குத் தாங்காது” என்று அவர்கள் சார்பில் வேறு யாரோ முடிவு கட்டுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சம்பளப் பிரச்சினையே தீராத தோட்டத்தில் ராஜா கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தைக் கொண்டாடியவர்களும் இதே நாட்கூலிக்காரர்கள்தான்.

படித்தவர்களின் ஆட்சேபம் வேறு மாதிரி. இது கனமில்லாத பொழுதுபோக்கு, இந்த விஷயத்தைத் துயரமாக எழுதினால்தான் இலக்கியம் என்கிறார்கள். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) எனக்கு மிகவும் நெருக்கமான புத்தகம். கொழும்புத் தமிழ்ப் பையன் ஆர்ஜி, சிங்கள வகுப்புத் தோழன் ஷெஹானை விரும்புகிறான். 1983 ஜூலைத் தமிழர் விரோதக் கலவரம் வந்து எல்லாவற்றையும் பிரித்துப்போடுகிறது. அந்தத் துயரம் சத்தியம். ஆனால் தன்னைப் போன்ற ஒருவனைத் தேடிப் புத்தகத்தைத் திறக்கிற பையன், ஒவ்வொரு முறையும் பிரிவையும் சாவையும் மட்டும்தான் படிக்க வேண்டுமா?

சந்தோஷமான முடிவு இலேசான காரியமுமல்ல. ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் ‘மோரிஸ்’ நாவலை எழுதியபோது ஆண் காதலர் இருவரும் சேர்ந்து வாழ்வதாகவே முடிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒருவன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் வெளியிடுவதில் சிக்கல் இருந்திராது என்று பின்னுரையில் அவரே விளக்கினார். முடிவை மாற்ற மனமில்லாமல் பிரதியைப் பெட்டியில் வைத்தார். அது அச்சேறியது 1971இல், அவர் இறந்த மறு வருடம். காதலர்கள் அழிந்தால் சட்டத்துக்கும் ஊருக்கும் சம்மதம். அவர்கள் சிரித்துக்கொண்டு வாழ்ந்தால்தான் இரண்டுக்கும் உறுத்துகிறது.

கடைசியில் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். 365உம் 365ஏயும் செயலைப் பற்றிப் பேசுகின்றன. காதல் நாவல் எழுதுவதையோ படிப்பதையோ அவை தடுக்கவில்லை. அந்தப் பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நம் உயர் நீதிமன்றமே 2023 மே மாதத்தில் தீர்மானித்தது.

ஆகவே மொழிபெயர்ப்பும் வரட்டும், ஊவா மலையிலிருந்தே ஒரு ராஜா கதையும் வரட்டும். எழுத முன்வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசிப் பக்கத்தில் இருவரும் உயிரோடு, ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.