பணம் கட்ட மட்டும் நாங்களா?

மாதம் பிறந்தால் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது யார்? நான். லிப்ட் ரிப்பேர், ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேனின் தீபாவளி போனஸ் என்று கேட்கும்போதெல்லாம் எண்ணி வைப்பது யார்? அதுவும் நான்தான். ஆனால் லாரித் தண்ணீரைக் காலையில் ஒரு மணி நேரம்தான் திறப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் கை தூக்க எனக்கு உரிமை கிடையாது. நான் வாடகைக்கு இருப்பவளாம்!

கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுக்குழு நடந்தது. நானும் போய் நின்றேன். செயலாளர் கையெழுத்து நோட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஓனரை வரச் சொல்லுங்க மேடம்” என்றார். ஓனர் டல்லாஸில் இருக்கிறார். எங்கள் மோட்டார் ரூம் எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் எழுதிக் கொடுத்த பிராக்ஸி கடிதம் அதே செயலாளரின் ஃபைலில்தான் இருந்தது. அந்த மாதிரிக் கடிதங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே ஆள் எத்தனை ஓட்டுப் போடுகிறார்! மூன்று வீடு வாங்கிப் போட்டவருக்கு மூன்று ஓட்டு. அந்த மூன்றிலும் பிள்ளைகுட்டிகளோடு வாழ்கிறவர்களுக்குப் பூஜ்யம். பத்திரத்தில் பெயர் இல்லாத ஓனர் மனைவியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கூட்டத்துக்கு டீ போட்டு அனுப்பலாம், அவ்வளவுதான்.

கட்டடத்தை இடித்துக் கட்டுவதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம். அவர்கள் நிலம், அவர்கள் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு), அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் குடிக்கிற தண்ணீர்? வாடகைதாரருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் இருக்கிறதே என்றேன். “நாங்க எங்கம்மா நிறுத்தினோம்? நேரத்தைத்தானே குறைச்சோம்” என்று சிரிக்கிறார்கள். வயிறு எரிகிறது.

இதே முகவரியில் எனக்கு வாக்காளர் அட்டை இருக்கிறது. எம்.பி.யை, எம்.எல்.ஏ.வை, கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உண்டு. சம்ப்பை எப்போது கழுவுவது என்று சொல்லத்தான் தகுதியில்லை.

சங்கத்துப் பெரியவர்களே, சொத்து விஷயத்துக்கு ஓனர் ஓட்டுப் போடட்டும். தண்ணீர், லிப்ட், குப்பை, வாட்ச்மேன் விஷயங்களுக்கு அந்த வீட்டில் குடியிருப்பவர் ஓட்டுப் போடட்டும். அடுத்த பொதுக்குழுவிலேயே பைலாவில் இந்த ஒரு விதியைச் சேருங்கள்.