படுத்தால்தான் நோயாளியா?

பால் வெட்டும் கத்தி பட்டுக் கை கிழிந்தால் கிளினிக்குக்கு ஓடுகிறோம். காய்ச்சல் கண்டால் மருத்துவச் சீட்டு வாங்கிச் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கிறோம். அதே லயத்தில் இருபத்தைந்து வயது மகன் மனநோயால் துன்புற்றால் மட்டும் கதவைச் சாத்துகிறோம். "பேய் பிடித்துவிட்டது" என்கிறார் ஒருவர். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி பேசுகிறார் மற்றொருவர். அந்த ஊரில் 1911 முதல் நடந்துவருவது ஒரு மருத்துவமனை. அது கேலிக்குரிய இடமன்று.

இன்றைய வைத்தியம் நோயாளியை ஆயுள் முழுவதும் மதிலுக்குள் அடைப்பதில்லை. கடுமை தணிந்ததும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்? தாய் பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர். இரவெல்லாம் உறங்காத மகன் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பான். காலை மாத்திரையைக் கொடுக்க ஆளில்லை. "குணமாகிவிட்டது" என்று அவனே மாத்திரையை நிறுத்திவிடுவான். சில வாரங்களில் நோய் திரும்பும், மறுபடியும் மருத்துவமனை.

செக்ரோல் எழுதும் எங்களுக்குத் தெரியும்: மாதத்தில் நாலைந்து நாள் வேலைக்கு வராத தாய்மார்கள் சோம்பேறிகள் அல்லர். ஊதியமில்லாத இன்னொரு வேலையை வீட்டில் செய்பவர்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1952-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிப் பிறந்த 2001 மனநலச் சட்டம் 2010-இல் அமலுக்கு வந்தது. சமூக மனநல மையங்களுக்கு அதில் இடமுண்டு. 'மெந்தாரி' என்ற பெயரில் அவை நடக்கின்றன. அரசாங்க மருத்துவமனைகளின் சமூக மனநலக் குழுவினர் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் உண்டு. ஆயினும் பட்டணத்து வீட்டுக்கு வரும் வண்டி, செம்மண் பாதையைத் தாண்டித் தோட்டத்து லயத்துக்கு வருகிறதா?

உதவிப் பணத்தின் கதையைப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பராமரிப்போருக்குச் சமூகநல இலாகா தரும் உதவி, 2021 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் மனநோயாளி எழுந்து நடப்பவன். ஆகவே அவன் தாய்க்கு அது இல்லை. நடப்பவனைக் காப்பதுதான் கடினம் என்பதை எந்தத் தாயும் சொல்வாள். மாற்றுத் திறனாளி அட்டை பெறுவதற்கும் மனநோயாளி இரண்டாண்டு சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அந்த இரண்டாண்டு அடுப்பு எப்படி எரியும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. பராமரிப்பு உதவி, படுக்கையை அளவுகோலாகக் கொள்ளாமல் பராமரிப்பின் தேவையை அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.

2. வீடு தேடி வரும் மருத்துவக் குழு, குறித்த நாளில் தோட்டங்களுக்கும் வரவேண்டும்.

3. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். வெட்டு நேரத்தைத் தள்ள முடியாது என்று நிர்வாகம் சொல்லும். உண்மைதான். லயத்துக்கு அருகிலுள்ள நிரையைக் கொடுக்கலாமே! சம்பளம் குறையாமல் பகல் வேலைக்கு மாற்றலாமே!

4. தாய் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய் என்றால், நோயுற்ற மகன் எங்கே போவான்? கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இது இடம்பெற வேண்டும்.

2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தை மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளில் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். மறுக்கும் அதிகாரம் அவரிடமே இருப்பது குறைதான். என்றாலும் தனி ஒருவர் நீட்டும் காகிதத்துக்கும் சங்கம் துணைநிற்கும் காகிதத்துக்கும் வேற்றுமை உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்குத் தோட்டக் கமிட்டி எழுதிக் கொடுக்கட்டும்.

தோழர்களே! கோயிலில் வேண்டிக்கொள்ளுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய்த் தேநீர் கொடுத்து, மாத்திரை விழுங்கினானா என்று பாருங்கள். கூலிக்காக ஒன்றுசேர்ந்த நாம் இதற்காகவும் ஒன்றுசேர முடியும்.