விடுமுறைக்குள் ஒரு சமையலறை



பெங்களூரிலும் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்கிற பீர்மேட்டுப் பிள்ளைகள் நீண்ட விடுப்பெடுத்து மலையேறுவது பெரும்பாலும் ஆண்டின் இறுதியில்தான். புத்தாண்டு ஆராதனைக்கு வீட்டில் இருக்க வேண்டும். தை மாதத்தில் உறவினர் திருமணங்களும் உண்டு. இந்த நாட்களில் பலருடைய உள்ளத்தில் எழும் விருப்பம் ஒன்று: "இம்முறையாவது அம்மாவுக்கு ஒரு நல்ல சமையலறை அமைத்துக் கொடுத்துவிட வேண்டும்." கையிலோ அளவான பணம், விடுப்போ இரண்டு வாரம். இந்த இரண்டுக்குள்ளும் அடங்கும்படி எதைத் தெரிந்துகொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

இது ஆடம்பரத்தைப் பற்றிய பேச்சன்று. வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் நம் பெற்றோர் வாழ்ந்த லயங்களை நினைத்துப் பாருங்கள். தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆனாலும் அந்த வீட்டில் சமையலறை என்பது புகை படிந்த ஒரு மூலையாகவே பெரும்பாலும் இருந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்து, பீர்மேடு தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது பிள்ளைகள் நகரங்களுக்கு இறங்கினார்கள். பெற்றோர் சிலர் சில சென்ட் நிலம் வாங்கிச் சிறு வீடு கட்டினார்கள். சிலர் இன்னும் லயத்திலேயே இருக்கிறார்கள். நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்துச் சுமந்தவர்களின் முழங்காலும் முதுகும் இப்போது ஓய்வைக் கேட்கின்றன. அந்த ஓய்வுக்காகவே இந்தச் செலவு.

முதலில் சுவர், பிறகு அலமாரி

மலைநாட்டு வீடுகளில் நிலத்தை வெட்டிச் சமன் செய்து, முகப்பைச் சாலைப் பக்கமும் அடுக்களையை மண்திட்டுப் பக்கமும் வைப்பது வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மீண்டும் அக்டோபர், நவம்பரில் துலாமழை. திட்டிலிருந்து கசியும் நீர் முதலில் சேருவது அடுக்களைச் சுவரில்தான். அந்த ஈரத்தின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த அலமாரியைப் பொருத்தினாலும் ஓராண்டுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆகவே பணத்தின் முதல் பங்கு வீட்டின் பின்புறத்துக்கே உரியது. திட்டுக்கும் சுவருக்கும் நடுவே நீர் ஓடும் கால்வாய் அடைபடாமல் இருக்கிறதா? கூரையில் ஒழுக்கு உண்டா? தாங்குசுவரில் வெடிப்போ வயிறு தள்ளலோ தெரிகிறதா? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததில் எழுபது பேரை இழந்தோம். 2021 அக்டோபர் 16 அன்று பீர்மேடு தாலுகாவிலேயே கொக்கையாறில் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. தாங்குசுவரில் சந்தேகம் எழுந்தால், இவ்வாண்டு சமையலறைப் பணத்தை அங்கே செலவிடுங்கள். அலமாரி அடுத்த ஆண்டு வரட்டும். கண்ணுக்குத் தெரியாத செலவைச் செய்வதற்கு மனத்துணிவு வேண்டும். ஆனால் உயிரைக் காப்பது அதுவே.

லயத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. ஓய்வு பெற்றபின் ஒருநாள் விட்டுவர வேண்டியது. எனவே சுவரில் பதிக்கும் எதையும் அங்கே செய்யாதீர்கள். தனித்தனியாக நிற்கும் மேசை, கழற்றிப் பூட்டக்கூடிய அலமாரி, காலுள்ள எஃகுத் தொட்டி ஆகியவற்றை வாங்கினால் புது வீட்டுக்கும் கூடவே வரும்.

எந்தப் பலகை?

நகரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாடுலர் கிச்சன்கள் பலவும் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். பலகையால் ஆனவை. மரத்துகளையோ மரநாரையோ பசையிட்டு அழுத்திச் செய்யப்பட்டவை அவை. மேலே பளபளப்பு இருந்தாலும் வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறினால் பலகை உப்பிவிடும். திருகாணி பிடிப்பை இழக்கும். பெங்களூரின் காற்றில் பத்தாண்டு நிற்பது பீர்மேட்டில் சில மழைக்காலங்களையே தாங்கக்கூடும்.

பிளைவுட் எடுப்பதானால் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.303 என்ற தரத்தில் எம்.ஆர். என்பது சாதாரண ஈரத்துக்கு மட்டும், பி.டபிள்யூ.ஆர். அதைவிட உறுதியானது. ஐ.எஸ்.710 என்பது மெரைன் பிளை. அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிப்பார்கள். தொட்டியின் அடிப்பெட்டிக்கு மட்டுமாவது 710 எடுத்தால் போதும், மற்றவற்றுக்குப் பி.டபிள்யூ.ஆர். தாங்கும்.

குறைந்த பணமும் குறைந்த நாட்களும் உள்ளவர்களுக்குக் கேரளத்தில் பரவலாக இருக்கும் இரண்டு வழிகளைச் சிபாரிசு செய்யலாம். ஒன்று, மெல்லிய பெரோசிமெண்ட் பலகைகளை நிறுத்தி, அவற்றின்மேல் கிரானைட் மேடையை வைத்து, முன்னால் கதவு மட்டும் பொருத்துவது. இதைக் கறையான் அரிக்காது, ஈரத்தில் உப்பாது. மற்றொன்று, அலுமினியச் சட்டத்தில் தகடு பொருத்திய கதவுகள். கட்டப்பனை, குமுளி போன்ற ஊர்களின் அலுமினியப் பட்டறைகளில் அளவு கொடுத்தால் தச்சு வேலையைவிட விரைவாக முடியும். அழகு சற்றுக் குறைவு, அடிபட்டால் நெளியும். மற்றபடி மழைநாட்டுக்கு ஏற்றது. பி.வி.சி., டபிள்யூ.பி.சி. பலகைகளும் நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் சூட்டில் இளகுவதால் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

எதைத் தெரிந்துகொண்டாலும் மூன்று காரியங்களை மறவாதீர்கள். பெட்டிகள் தரையில் படியாமல் நான்கு அங்குலக் கால்களில் நிற்கட்டும். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் விரற்கடை இடைவெளி இருக்கட்டும். கதவுகளில் காற்றுப் புக வழி இருக்கட்டும்.

அளவு தாயாருடையது

சமையலறையைப் பெட்டிபெட்டியாகப் பொருத்தும் எண்ணம் செல்வந்தர் வீட்டில் பிறந்ததன்று. 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் எளிய குடும்பங்களுக்கான குடியிருப்புகளுக்கென்று மார்கரெட் ஷுட்டே-லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் அதை வடிவமைத்தார். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறிய அறை அது. ரயிலின் உணவுப் பெட்டியில் எவ்வளவு குறைந்த இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். சமைப்பவள் நடக்கும் அடிகளைக் கணக்கிட்டார். அப்படிப்பட்ட சமையலறைகள் ஏறக்குறைய பத்தாயிரம் அந்நகரில் அமைந்தன. சிறிய அறை குறையன்று என்பதே அதில் நமக்குள்ள பாடம். உழைப்பவளின் அடிகளை எண்ணினால் சிறிய அறையே சிறந்த அறையாகும்.

ஆகையால் கடைக்குப் போகுமுன் தாயாரின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கையை மடக்கி நிற்கும்போது முழங்கைக்கு ஏறக்குறைய நான்கு அங்குலம் கீழே மேடை இருப்பது நலம். ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ளவருக்கு 32 அங்குலம் போதும். கடைக்காரர் வழக்கமாகச் சொல்லும் 34-ஐ ஏற்றுக்கொண்டால், அடுப்பின் உயரமும் சேர்ந்து குக்கருக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். மேலலமாரியைத் தவிர்த்தால் பணமும் மிஞ்சும், ஸ்டூலில் ஏறி விழும் அபாயமும் நீங்கும். அன்றாடப் பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே ஒரே ஒரு திறந்த தட்டில் இருக்கட்டும். தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குகிறவர்களுக்கு அந்த இடத்தை விட்டுவையுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த வடிவத்துக்காக அதைப் பறித்துவிடலாகாது.

நெருப்பும் காற்றும்

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைப்பதானால் தரைமட்டத்தில் காற்று வெளியேறும் துவாரம் அவசியம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மின்சாரச் சிம்னிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு எக்ஸாஸ்ட் மின்விசிறி கிடைக்கும். எதிர்ப்புறம் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் அதுவே போதுமானது. இண்டக்ஷன் அடுப்பு வைப்பதானால் 16 ஆம்பியர் பிளக்கைச் சுவர் பூசுமுன் போட்டுவிடுங்கள்.

மலையில் விறகடுப்பு ஒழிவதில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் கைக்கு எட்டும். குளிருக்கு வெந்நீரும் வேண்டும். அதைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்றிப் புகைபோக்கி வைத்துக் கொடுங்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து 1980-களில் பரப்பிய புகையில்லா 'பரிஷத்து அடுப்பு' இதற்கு நல்ல மாதிரி. புது அலமாரியும் விறகுப் புகையும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் வீண்.

பதினான்கு நாட்கள்

ஆலையில் செய்து வரும் மாடுலர் பெட்டிகளுக்கு இறுதி அளவு கொடுத்த பின்னும் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே ஊருக்கு வந்து ஆர்டர் கொடுப்பதென்பது நடவாத காரியம். அக்டோபரிலேயே ஊரிலுள்ள தம்பியோ தங்கையோ அளவெடுக்கட்டும். நம் வீட்டுச் சுவர்கள் நேராக இருப்பதில்லை. தரையில் ஒருமுறை, மேடை மட்டத்தில் ஒருமுறை, மேலே ஒருமுறை என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவையே கொடுக்க வேண்டும். தொட்டி, ஜன்னல், குழாய், பிளக் இருக்குமிடங்களைப் படம் வரைந்து அனுப்பட்டும்.

வந்தபின் முதல் மூன்று நாட்கள்: அறையைக் காலி செய்தல், ஒழுக்கு, குழாய், மின்கம்பி. அடுத்த இரண்டு நாட்கள்: பூச்சும் மேடையும். பின்னர் மூன்று நாட்கள் எதையும் தொடாமல் உலர விடுங்கள். அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இந்த மூன்று நாளைத்தான். புதிதாக முழுச் சுவரையும் பூசியிருந்தால் மூன்று நாள் போதாது. பெட்டிகளை அடுத்த வருகைக்கு ஒத்திவையுங்கள். ஒன்பதாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரை பொருத்துதல். கடைசி இரண்டு நாட்களைத் தாயாருக்கு விட்டுவிடுங்கள். அவர் சமைக்கட்டும், எந்தக் கதவு இடிக்கிறது, எது எட்டவில்லை என்று அவர் சொல்வதை ஆசாரி ஊரில் இருக்கும்போதே சரிசெய்யலாம்.

கம்பம், தேனியில் வாங்கி மலையேற்றுகிறவர்கள் பில்லைக் கையில் வைத்திருங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க இ-வே பில் வேண்டும். எட்டடிக்கு நான்கடிப் பலகை தோட்டச் சாலையில் ஜீப்பின்மேல் நனைந்துதான் வரும்; கடையிலேயே அளவுக்கு வெட்டி, ஓரங்களை அடைத்து வாங்குவது விவேகம்.

விலையைப் படிக்கும் விதம்

ஒரு கடை ஓட்ட அடிக்கு விலை சொல்லும். மற்றொன்று சதுர அடிக்குச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட இயலாது. ஒரே படத்தைக் கொடுத்து மொத்தத் தொகையை மூவரிடம் எழுதி வாங்குங்கள். பலகையின் தரம், கீல், கைப்பிடி, கிரானைட், வண்டி வாடகை, பொருத்தும் கூலி, ஜி.எஸ்.டி. யாவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். பத்தில் ஒரு பங்கை வேலை முடிந்தபின்பே கொடுங்கள். பணம் போதாவிட்டால் தவணைக் கடனுக்கு ஓடாமல், மேடை, தொட்டி, நீர்வழி, காற்று ஆகிய நான்கையும் இவ்வாண்டு முடியுங்கள். கதவுகளுக்குப் பதிலாக ஒரு திரைச்சீலை ஓராண்டு தொங்கினால் யாருக்கும் இழப்பில்லை.

பெற்றோர் பலரும், "எனக்கு எதற்கடா இதெல்லாம்?" என்றே சொல்வார்கள். தங்களுக்கென்று கேட்டுப் பழகாதவர்கள் அவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டு விட்டுவிடவும் வேண்டாம். அவர்களைக் கேளாமலே நகரத்துக் கடையின் படத்தை அங்கே கொண்டுபோய் ஒட்டவும் வேண்டாம். அவர்களோடு ஒரு மாலை அந்த அடுக்களையில் உட்கார்ந்து, எங்கே கை வலிக்கிறது, எங்கே கண் எரிகிறது என்று கேளுங்கள். உங்கள் பட்டியலின் முதல் வரி அங்கிருந்தே தொடங்கட்டும்.