வீடும் வாசலும்: மோர் நிறத்தில் ஒரு பாட்டில்

போடிநாயக்கனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஏலக்காய் வாசனை வரவேற்கும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு என்னமோ டீசல் புகைதான் வந்தது. ஆனால் கல்லூரித் தோழியின் வீட்டுப் படியேறியபோது அந்த வாக்குப் பொய்க்கவில்லை. கூடத்தில் சாக்கை விரித்து, பச்சைப் பசேலென்று ஏலக்காயைக் குவித்து, தோழியின் மாமியார் ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். மலைக்கு அந்தப்புறம் அவர்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் உண்டு.

"வா தாயி! பத்திரிகையிலே கரப்பான், மூட்டைப்பூச்சிக்கெல்லாம் எழுதுறியாமே? மூட்டைப்பூச்சிக்கு நான் சொல்றேன் மருந்து, எழுதிக்க" என்றார் அந்த அம்மாள்.

மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அடுப்பங்கரையைக் காட்டினார். ஜன்னல் விளிம்பில், எண்ணெய்த் தூக்குக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே, ஒரு பழைய கலர் பாட்டில். அதில் பாதி அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஏதோ இருந்தது. ஏலச்செடியின் இலைப்பேனுக்குத் தோட்டத்தில் அடிக்கிற மருந்தாம். கட்டிலில் மூட்டைப்பூச்சி என்றதும் கங்காணி தண்ணீரில் கலந்து ஊற்றிக் கொடுத்துவிட்டாராம். இத்தகைய மருந்துகளில் பல, தண்ணீரில் விட்டவுடன் மோர் மாதிரி வெளுத்துப் போகும்.

நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு வயதுப் பேரன் ஓடி வந்தான். "அப்பத்தா, அந்த மோரு எனக்கு எப்பத் தருவ?" என்றான்.

தோழியின் முகம் வெளிறிவிட்டது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த ஏலக்காயை மட்டும் கீழே வைத்தார்.

சகோதரிகளே, மழை தொடங்கிவிட்டால் நமது ஆபீஸுக்கு வரும் கடிதங்களில் எறும்பும் கரப்பானும் மூட்டைப்பூச்சியும்தான் மொய்க்கும். "ஏதாவது நல்ல மருந்தாகச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களே அதிகம். இந்த வாரம் மருந்தைப் பற்றியேதான் சொல்லப் போகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற விதத்தில் அல்ல.

1958-ஆம் வருஷம் கேரளத்தில் நடந்த சம்பவத்தைப் பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 'ஃபாலிடால்' என்ற பெயரில் விற்ற பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து, உணவுப் பண்டங்களோடு ஒரே கப்பலில் வந்தது. வழியில் கசிந்து மாவில் கலந்துவிட்டது. அந்த மாவில் செய்த பலகாரத்தைச் சாப்பிட்ட 100 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் விசாரணை, யோசனை எல்லாம் நடந்து, 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. விஷமும் சாப்பாடும் ஒரே இடத்தில் இருக்கலாகாது என்பதற்கு அத்தனை உயிர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நம் அடுப்பங்கரை ஜன்னலுக்குச் சட்டம் வந்து காவல் நிற்குமா?

மறுநாள் விடியற்காலம் தோழியோடு தோட்டத்துக்குப் புறப்பட்டேன். அந்த நேரத்தில் போடித் தெருக்களைப் பார்க்க வேண்டும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள். முந்தல் தாண்டியதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் 17 என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டதால் நான் எண்ணவில்லை. 4,000 அடிக்கு மேல் போடிமெட்டில் இறங்கினால் சில்லென்ற காற்று. சாவடியைத் தாண்டினால் கேரளம். கால் விரலிடுக்கில் ஓர் அட்டை ஏறிக்கொண்டு என்னை மலைவாசியாக்கியது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் அது விழுந்துவிட்டது. மலைப்பக்கம் போகிறவர்கள் உப்பு முடிச்சு ஒன்றை எடுத்துப் போவது நல்லது.

தோட்டத்தில் மரநிழலில் ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடிகள். காய் மட்டும் அடித்தூரிலே, மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் காய்க்கிறது. வயதான ஒரு வேலைக்கார அம்மாள் செடிச் செடியாகக் காய்ந்த இலையையும் பழைய இலையுறையையும் உரித்துக் கழித்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"சருகுக்குள்ளதான் பேன் குடியிருக்கும் தாயி. வீட்டைக் காலி பண்ணிட்டா அது எங்கிட்டு இருக்கும்?"

காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாலும் இவ்வளவு தெளிவாக இராது. இலைப்பேன் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி. இலையுறையின் உள்ளேயும் பூவுக்குள்ளேயும் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். காயின் தோல் சொறி பிடித்தாற்போலாகி விலை விழுந்துவிடும். மேலே எவ்வளவுதான் மருந்து தெளித்தாலும் சருகுக்குள் இருப்பதை அது எட்டாது. வேர்ப்புழு என்று இன்னொரு சத்துரு உண்டு. அதன் தாய்வண்டுகளை வலை போட்டுப் பிடித்து அழிப்பதும், புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை மண்ணில் விடுவதும் விஞ்ஞானிகள் சொல்லும் உபாயங்கள். மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தவிர, ஏலப்பூ காயாக வேண்டுமானால் தேனீ வரவேண்டும். காலையில் பூ விரிந்திருக்கும் சமயத்தில் மருந்தடித்தால் தேனீ செத்துப்போகும். பூச்சியையும் விரட்டி, காயையும் விரட்டியதாகிவிடும்.

இத்தனை தெரிந்தும் மலையில் மருந்துத் தெளிப்பு அதிகமாகத்தான் இருக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தின் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதில் சேர்த்த ஏலக்காயைச் சோதித்தபோது, அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்துகள் இருப்பதாக அறிக்கை வந்ததே காரணம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கிப் போயின. 2024-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஏலக்காய் விற்கும் ஊருக்கு அது வயிற்றைக் கலக்கிய சமாசாரம்தான்.

தோட்டத்து விஷம் வீட்டுக்கு வர இன்னொரு வழியும் உண்டு. மருந்தடித்தவர் சட்டையும் கைலியுமாக அப்படியே வீட்டுக்கு வருவார். குழந்தை ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்ளும். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு ஊறவைக்கக் கூடாது. தனியாக, சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். துவைப்பவர் கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. அவரும் சோப்புத் தேய்த்துக் குளித்த பிறகே குழந்தையைத் தொடட்டும். வீட்டுத் தோட்டத்து ரோஜாவுக்கு மருந்தடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மலையிலிருந்து திரும்பியதும் தோழியும் நானும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டோம். அந்த மூதாட்டி சொன்னபடி 'வீட்டைக் காலி பண்ணுவது'தான் திட்டம்.

முதலில் கட்டில். பழைய தேக்குக் கட்டில். பொருத்துகளில் மூட்டைப்பூச்சி சம்சாரம் நடத்திக்கொண்டிருந்தது. வாசலில் கொண்டுபோய்க் கழற்றினோம். ஒவ்வோர் இடுக்கிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டோம். மெத்தையைக் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி நல்ல வெயிலில் போட்டோம். மூட்டைப்பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் சூடு எமன். விரிசல்களை மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்தோம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை செய்யும்படி சொல்லி வந்திருக்கிறேன். இந்தப் பூச்சிகள் பல மருந்துகளுக்குப் பழகிப்போய்விட்டன. வெந்நீருக்கு இன்னும் பழகவில்லை.

அப்புறம் எறும்பு. எறும்பு போகிற வழியில் வாசனை வைத்துக்கொண்டு போகும். அதை மோப்பம் பிடித்துத்தான் பின்னால் வருபவை வரிசை கட்டுகின்றன. ஆகையால் எறும்பை நசுக்கிப் பிரயோசனமில்லை. சோப்புத் தண்ணீரால் அந்தப் பாதையைத் துடைத்து, சுவரில் அது புறப்படுகிற ஓட்டையைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். தோழி வீட்டு எறும்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் கொல்லைப்புறச் செம்பருத்தியில் போய் முடிந்தது! கிளையெங்கும் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி. அது கழிக்கும் தித்திப்பு நீருக்காக எறும்பு அதைப் பசுமாடு போல மேய்க்கிறது. எதிரிகள் அண்டாமல் காவலும் காக்கிறது. பூச்சி பிடித்த கிளைகளை வெட்டி எறிந்தோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலக்கி, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கமாகத் தெளித்தோம்.

மாவுப்பூச்சி என்றதும் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வருகிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் வெளிநாட்டு மாவுப்பூச்சி ஒன்று தென்பட்டது. மெக்ஸிகோ தேசத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது போலாக்கிவிட்டது. மருந்தடித்து மாளவில்லை. கடைசியில் 2010-இல் பொர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகளவுகூட இல்லாத குளவி இனத்தை வரவழைத்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடுவது. சில மாதங்களில் தொல்லை அடங்கிப் போயிற்று. நீங்கள் செடிக்கு அடிக்கும் கடும் மருந்து முதலில் கொல்வது இம்மாதிரி நண்பர்களைத்தான். சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலைக்கோ மருந்தே வேண்டாம். புழு இருந்தால் கையால் பொறுக்கிப் போட்டால் போதும்.

கரப்பானுக்கு இராத்திரித் தண்ணீர்தான் உயிர். படுக்கப் போகுமுன் தொட்டியைத் துடைத்துக் காயவிட்டு, சாக்கடைக் குழாய்க்குச் சல்லடை போட்டுப் பாருங்கள். நமது தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துவைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அட்டைப்பெட்டியில் வைக்காதீர்கள், தகரப்பெட்டியில் வையுங்கள். கதாநாயகியின் கல்யாணத்துக்கு முன்பே கரப்பான் கதையை முடித்துவிடும். போரிக் பவுடரைச் சர்க்கரையும் மாவும் சேர்த்து உருட்டி அலமாரிக்குப் பின்னால் வைப்பது பலன் தருகிறது. அதுவும் குழந்தை வாயில் போனால் கெடுதலே என்பதை மறக்கக் கூடாது.

எறும்புக்குப் பயந்து அலமாரிக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறோமே, அதை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. ஏலக்காய் வாங்கினால் ஓட்டை விழாத காயாகப் பார்த்து, ஈரமில்லாமல் இறுக்கமான டப்பாவில் வைத்தால் வண்டு வராது. அரிசிக்கு வெயிலும், காய்ந்த வேப்பிலையும் போதும்.

எது செய்தாலும் நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு, பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொன்றுவிடும். எலிக்கு வைக்கும் பற்பசை மாதிரியான பாஸ்பரஸ் விஷமும் அப்படியே. தின்றவர் ஓரிரு நாள் நன்றாயிருப்பது போல இருந்து, பிறகு ஈரல் கெட்டுப் போவார். தமிழ்நாட்டில் அதற்குத் தடை உண்டு. கரப்பான் சாக்குக்கட்டியைப் பள்ளிக்கூடச் சாக்குக்கட்டி என்றும், அந்துருண்டையை மிட்டாய் என்றும் குழந்தைகள் நினைப்பது சகஜம். மருந்து டப்பாவின் மேல் சாய்சதுர அடையாளம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டு போகும். பாட்டில் மாற்றினால் அந்த அடையாளமும் போய்விடுகிறது, அதுதான் ஆபத்து. தப்பித் தவறி யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குச் சொல்லி, மருந்து டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

அந்தக் கலர் பாட்டிலை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஜலதாரையில் கொட்டக் கூடாது. வாய்க்காலில் போய்ச் சேரும். இறுக மூடி, 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி, கங்காணியைக் கூப்பிட்டு, தோட்டத்தில் மருந்து வைத்துப் பூட்டும் அறைக்கே திருப்பி அனுப்பினோம். இனி ஒரு சொட்டும் மலையிறங்கி வரலாகாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தார். "மருந்தடிக்காத காய்தானே அம்மா?" என்றேன், வேடிக்கையாக.

அவர் சிரிக்கவில்லை. "எங்க காட்டுலே அப்படி இன்னும் இல்லே தாயி. இந்த வருஷம் ரெண்டு தரம் குறைச்சு அடிச்சோம். அடுத்த வருஷம் வா, சொல்றேன்" என்றார்.