தாளம் இடத்தைச் சொல்லாது

மூணாற்றுச் சரிவுகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006-க்குப் பின் 2018-இல் பூத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் பெருமழை அப்பூப்பைப் பெரிதும் குலைத்தது. காலமுறை ஆண்டைச் சொன்னது; எந்தச் சரிவில் எவ்வளவு பூக்கும் என்பதைச் சொல்லவில்லை. ஈஸ்டின் டி.என்.ஏ. வரிசையைக் கணினியில் ஆராய்வோர் பலர் மறப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

ஹிஸ்டோன் புரதத் திரளைச் சுற்றி ஏறத்தாழ 147 கார இணைகள் வளைந்தமைவது நியூக்ளியோசோம். அவ்வளைவுக்கு உதவும் ஏஏ, டிடி போன்ற இரட்டைகள் சுமார் 10 இணைகளுக்கு ஒருமுறை மீள்வதை டிரிஃபனோவும் சஸ்மனும் 1980-இல் சுட்டினர். 2006-இல் சீகல் குழுவினர், ஈஸ்டின் நியூக்ளியோசோம் அமைப்பில் ஏறத்தாழ பாதியை வரிசையே விளக்கும் என்றனர். 'குறியீடு' என்ற சொல் அன்று நிலைபெற்றது. அதன்பின் நிறமாலையில் 10-க்கு அருகே ஒரு முகடு தெரிந்தாலே, நியூக்ளியோசோமின் இடம் கண்டறியப்பட்டதாக எழுதும் வழக்கம் பரவியது.

அவ்வழக்கம் பிழையானது. பத்துக்கொருமுறை மீளும் கோலம், டி.என்.ஏ.யின் எந்த முகம் ஹிஸ்டோனை நோக்கும் என்பதையே சொல்லும். பத்து இணை தள்ளி வைத்தாலும் அதே முகமே பொருந்தும். எனவே அக்கோலம் மட்டும் இடத்தைத் தீர்மானிக்க இயலாது. நியூக்ளியோசோமே இல்லாத பாக்டீரியாக்களிலும் சுமார் 11 இணைக் காலமுறை உண்டு. நியூக்ளியோசோம்களை விலக்கி நிறுத்தும் நீண்ட 'ஏ' தொடர்களோ காலமுறைக் கோலமே அல்ல.

சோதனைகளும் இதையே உரைக்கின்றன. உயிருள்ள செல்லில் இடங்களை முதன்மையாகத் தீர்மானிப்பது வரிசையன்று என 2009-இல் ஸ்ட்ரூல் ஆய்வகம் காட்டியது. செல்சாறும் ஏடிபியும் சேர்த்த பிறகே மரபணுத் தொடக்கங்களில் இயல்பான அடுக்கு மீண்டதை 2011-இல் பியூ குழு காட்டியது. வரிசை சாய்வைத் தருகிறது. முடிவெடுப்பதில் செல்லின் புரத இயந்திரங்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

ஈஸ்டின் முழு வரிசை 1996 முதல் எவர்க்கும் இலவசம். ஆய்வகமற்ற மலையூர்க் கல்லூரி மாணவரும் ஒரு கணினியைக் கொண்டு இத்துறையில் நேர்மையான ஆய்வு செய்யலாம். அவருக்கு நெறியாளர் தர வேண்டியது ஆயத்த முடிவன்று, கடுமையான கேள்விகள். கலைத்துப்போட்ட வரிசையிலும் அம்முகடு எழுகிறதா? பாக்டீரியாவில் எழுகிறதா? செல்லுக்குள் அளந்த இடங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது? இம்மூன்றுக்கும் விடையில்லாத ஆய்வேட்டை ஏற்பது மாணவருக்குச் செய்யும் உதவியன்று.