வயலும் உடலும்: அக்குளில் நெறி கட்டினால்…

கேள்வி: வேலி வெட்டும்போது என் கணவரின் உள்ளங்கையில் சீமைக்கருவேல முள் குத்தியது. ஐந்தாம் நாள் அக்குளில் நெறி கட்டி, கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு நாளாக இரவில் காய்ச்சல். மாமியார் சுண்ணாம்புப் பற்று போடுகிறார். கடலை பறித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார் இவர். பொறுக்கலாமா?

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பொறுக்க வேண்டாம் சகோதரி. இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நான் மருத்துவன் அல்ல, வேளாண்மை படித்தவன். ஆனால் முள்ளும் அரிவாளும் படாத கை நம் தொழிலில் இல்லை என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அக்குளில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கையில் நுழையும் கிருமியை அவைதான் வழிமறிக்கின்றன. அந்தச் சண்டையில் கணு வீங்கி வலிப்பதையே நெறி கட்டுதல் என்கிறோம். வலி அக்குளில் இருந்தாலும் வேர் உள்ளங்கையில் இருக்கிறது. முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்திருந்தால், அதை எடுக்காமல் அக்குளில் பற்றுப் போட்டுப் பயனில்லை. சுண்ணாம்பு தோலை வேக வைத்துவிடும், நிறுத்திவிடுங்கள்.

காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலும், குளிர் நடுக்கம் வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். தரும் மாத்திரையை, வலி நின்றதும் விட்டுவிடாமல், சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும்.

மற்ற வாசகர்களும் கவனிக்க:

• மயிர்க்காலில் வரும் கொப்புளத்தைப் பிதுக்கக் கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் தினம் மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

• புதர், புல் வெட்டியவருக்குச் சில நாள் கழித்துக் கடும் காய்ச்சல் வந்து, அக்குளிலோ தொடை இடுக்கிலோ பீடி சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அந்தப் பொருக்கு வலிக்காது. தேடிப் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். இதற்குத் தனி மருந்து உண்டு.

• வலியே இல்லாத, கெட்டியான, நகராத கட்டியை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு வாரத்தில் கரையாத எந்தக் கட்டியையும் காட்டிவிட வேண்டும். காசநோயும் மார்பகப் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டுவது உண்டு. பெண்கள் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம்.

• வேலி வேலைக்குத் தடித்த கையுறை போடுங்கள். முள் குத்தினால் உடனே எடுத்து, சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். மண், சாணம் அப்ப வேண்டாம்.

கொத்துக் கடலை முற்றியபின் மழை பெய்தால் நிலத்திலேயே முளைத்துவிடும் என்ற உங்கள் கணவரின் கவலை நியாயமானதுதான். அதற்கு மாற்றாள் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கையோடு அவர் செடி பிடுங்கக் கூடாது. குழப்பம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். நடக்க முடியாத நிலை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.