ஊசி... கூடவா, பதிலாவா?

ஆதம்பாக்கத்துல இருந்து ஒரு ஃபைனல் இயர் வாசகி கேட்டிருக்காங்க: ‘‘அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ முடிஞ்சு இப்ப தினமும் அரோமட்டேஸ் இன்ஹிபிட்டர் மாத்திரை. விரலும் முட்டியும் வலிச்சு, காலையில தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியலை. மாத்திரையை நிறுத்திட்டு அக்குபங்சர் பார்க்கச் சொல்றாங்க சொந்தக்காரங்க. கூட்டிட்டுப் போகட்டுமா?’’

போகலாம் தோழி. ஆனா, ‘நிறுத்திட்டு’ங்கிற வார்த்தையை மட்டும் வீட்டு வாசல்லயே விட்டுட்டுப் போங்க!

அந்த மாத்திரை, உடம்புல ஈஸ்ட்ரோஜனைக் குறைச்சு, புற்றுநோய் திரும்ப வர்ற வாய்ப்பைக் குறைக்குது. ஈஸ்ட்ரோஜன் குறையறப்ப மூட்டுகள் வலிக்கறது சகஜம். வலி தாங்காம மாத்திரையையே தூக்கிப் போடற பெண்கள் நிறைய. ஆபத்தே அங்கதான்.

இதே வலி இருந்த 226 பெண்களை வெச்சு அமெரிக்காவுல நடந்த ஆராய்ச்சி, 2018-ல வெளியாச்சு. ஒரு குரூப்புக்கு நிஜ அக்குபங்சர், இன்னொண்ணுக்குப் பேருக்குக் குத்தின ஊசி, மூணாவதுக்கு எதுவுமே இல்லை. ஆறே வாரத்துல, 10-க்குப் போட்ட வலி மார்க் முதல் குரூப்புல சுமார் 2 இறங்கிடுச்சு. மத்த ரெண்டுலயும் சுமார் 1 தான். மாயாஜாலம் இல்லை, ஆனா, கொஞ்சம் வலி குறைஞ்சாலும் மாத்திரையைத் தொடர தெம்பு வருமே! 2022-ல அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ‘ஆஸ்கோ’வும் இந்த மூட்டு வலிக்கு அக்குபங்சரை சிபாரிசு பண்ணிடுச்சு.

கவனிங்க... சிபாரிசு வலிக்குத்தான். கட்டியைக் கரைக்கும், கேன்சரை விரட்டும்னு யாராவது சொன்னா, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க.

மத்திய அரசு 2019-ல அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையா அங்கீகரிச்சது. அதுக்காக போர்டு மாட்டினவங்க எல்லாருமே தேர்ந்தவங்க இல்லை. எங்க படிச்சீங்கன்னு தைரியமா கேளுங்க. பி.என்.ஒய்.எஸ். டாக்டர்களுக்கு அக்குபங்சரும் ஒரு பாடம். அரும்பாக்கத்துல அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கு.

போறதுக்கு முன்னாடி மூணு வேலை:

* புற்றுநோய் டாக்டர்கிட்ட சொல்லுங்க. பிளேட்லெட்டோ வெள்ளணுவோ குறைவா இருந்தா ஊசி வேண்டாம்பாங்க.

* ஊசி புது பாக்கெட்டைப் பிரிச்சு, ஒரே தடவை உபயோகிக்கறதா இருக்கணும்.

* ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கை வீங்கியிருந்தா, அந்தக் கையில குத்த வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க.

இன்னொண்ணு... வலியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. வலின்னு சொன்னாலே டாக்டர் மாத்திரையை மாத்திப் பார்க்கலாம், வலி மருந்து தரலாம். அம்மாக்கள் கேக்க மாட்டாங்க. அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்க. அம்மா, ‘‘ஒண்ணுமில்லை டாக்டர்’’னு சொல்றதுக்குள்ள, நீங்க முந்திக்கிட்டு தோசைக்கரண்டி விஷயத்தைப் போட்டு உடைச்சிடுங்க!